உயிலின் இரண்டாம் தாள்

எங்கள் தாத்தா எழுதி வைத்த உயில் இரண்டு தாள். அவர் போன பிறகு, பாகப்பிரிவினையில் எல்லாமே சரிபாதி என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதன்படி ஆட்டுக்கல் பெரியப்பாவுக்கு, குழவி என் நைனாவுக்கு. உயிலில் முதல் தாள் பெரியப்பாவுக்கு, இரண்டாம் தாள் நைனாவுக்கு. படித்துப் பார்த்துவிட்டுப் பிரிக்கலாமே என்று ஒரு மகானுபாவனுக்கும் தோன்றவில்லை. அன்றைக்கே குழவியை வைத்துச் சண்டை வந்து அண்ணன் தம்பி பேச்சு நின்றது. நான் அப்போது பிறக்கவில்லை. பிறந்திருந்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

பள்ளிக்கூட வேலை போக எனக்குப் பிடித்த பைத்தியம், வம்சாவளி வரைவது. செங்கல்பட்டில் எங்கள் வீட்டுச் சுவரில் பாதியை அந்த சார்ட் பேப்பர்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் நைனாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். எழுதியவர் யாரோ ஒரு பத்திர எழுத்தர். புள்ளி வைப்பது பாவம் என்று நினைத்தவர். வார்த்தைக்கு நடுவே இடம் விட்டால் காகிதம் வீணாகிவிடும் என்ற கவலை வேறு. போனில் படமெடுத்து, பெரிதாக்கி, எழுத்துக் கூட்டி நாள்கணக்கில் மல்லுக்கட்டினேன். கடைசியில் கிடைத்தது இதுதான்: 'ஓட்டைச் செம்பு ஒன்று. ஓட்டையில்லாத செம்பு ஒன்று. கால் ஆடுகிற பெஞ்சு ஒன்று.'

ஆனால் தாள் தொடங்கியதே பாதி வாக்கியத்தில்: 'இளையவன் எடுத்துக்கொள்ள வேண்டியது.' இளையவன் என் நைனா. எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பெரியப்பாவின் தாளில் இருந்தது.

இந்த ஒரு வரியை மட்டும் நைனா யாரையோ பிடித்து அந்தக் காலத்திலேயே படிக்கச் சொல்லிக் கேட்டு வைத்திருந்தார். நான் சின்னவளாக இருந்தபோது, தனக்கு வர வேண்டியது கறவை மாடு என்றார். நான் கல்லூரிக்குப் போனபோது அது மாந்தோப்பு ஆகியிருந்தது. திருப்போரூர்ப் பக்கம் மனை விலை ஏற ஏற அதுவும் கிழக்கே நகர்ந்து, இப்போது மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த இடமாக நிற்கிறது.

"அந்தச் சொத்து கெடைச்சா இன்னா பண்ணுவ நைனா?" என்று ஒரு நாள் கிண்டலாகக் கேட்டேன்.

"சொத்து கெடக்குது பாப்பா. எங்கப்பன் போவசொல்ல என்னிய நெனச்சாரா இல்லியா, அதான் தெரியணும்."

 உடனே திருப்போரூருக்கு, பெரியப்பாவுக்குப் போன் செய்தேன்.

"என் தாள தனியா அனுப்ப மாட்டேன். உங்கப்பன அவன் தாளோட வரச்சொல்லு" என்றார் பெரியப்பா.

"என் தாள நாந்தான் எட்த்துகினு வருவேன். உன் கையில குட்த்து அனுப்ப மாட்டேன் பாப்பா" என்றார் நைனா. வீம்பில் இரண்டு பேருக்கும் சரிபாதிதான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனோம். பெரியப்பா கட்டிலில் ஒரு ஓரம், நைனா மறு ஓரம். ஆளுக்கொரு தாளை இறுக்கிப் பிடித்தபடி நீட்டினார்கள். நான் நடுவில் குனிந்து, கழுத்து வலிக்க வலிக்கப் பெரியப்பாவின் தாளைப் படித்தேன். அதன் கடைசி வரி: 'என் கூண்டில் உள்ள கோழிகள் அனைத்தையும்.'



"கோழியா?" என்றார் நைனா.

"அதுங்க இப்ப ஏதுடா? கருமாதிக்கு வந்தவங்களுக்கு அதத்தான அறுத்துக் கொழம்பு வச்சோம். நீ கூட ரெண்டு காலு துன்னியே" என்றார் பெரியப்பா.

தன் பங்கை அன்றைக்கே சாப்பிட்டு ஏப்பம் விட்டவர்தான் இத்தனை காலம் கோபித்துக்கொண்டு திரிந்திருக்கிறார். நான் சிரித்துவிட்டேன். பெரியப்பா சிரித்தார். நைனாவும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"அந்தக் கோழிங்களுக்கு நாந்தான் தீனி போடுவேன். நெனச்சிக்கினுதான் கீறாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு வந்த வேலை முடிந்தது. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை.

"கீழ இன்னாவோ எழுதிக்கீதே, பாரும்மா" என்றார் பெரியப்பா. இரண்டாம் தாளின் அடியில் சாட்சிகளின் கைநாட்டும் ஒரு மைக்கறையும்தான் இருந்தன. இரண்டு கிழவர்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க ஒரு பெரிய வரி கீது பெரியப்பா. மை ஊறிப்போச்சு. இன்னும் ரெண்டு மூணு தடவ வந்து பாத்தாதான் தெரியும்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

"ஆமா, பெரிய வரிதான்" என்றார் பெரியப்பா. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை.

 திரும்பும்போது பஸ்ஸில், செங்கல்பட்டு நெருங்குகையில் நைனா என் பக்கம் சாய்ந்து, "அவசரப்படாத பாப்பா, நிதானமா படி" என்றார்.