முனியாண்டி சேவலுக்கு நோட்டிஸ்

சேவல் கூவினால் ஊருக்கெல்லாம் பொழுது விடியும். மலேசியாவின் கிள்ளானில், நகராண்மைக் கழக அமலாக்கப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்குப் புகார் விடியும். தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளில் கோழி, ஆடு வளர்க்கக் கூடாது என்ற விதியைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க ஓடுகிற பிழைப்பு. கவுண்டரில் உட்கார்ந்து பேச்சு வாங்கியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

மேசை அதிர்ந்தது

பாலா அங்கிள் ஓய்வுபெற்ற லோரி டிரைவர். பக்கத்து வீட்டுச் சேவல் விடியுமுன்னே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று போன் மேல் போன் போட்டார். கடைசியில் நேரிலேயே வந்து மேசையைத் தட்டினார்.

"ஒன்னு அந்தச் சேவல் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீங்களே முடிவு பண்ணுங்க பாஸ்!"

மஞ்சள் துணி

அந்தப் பக்கத்து வீட்டுக்கு விசாரிக்கப் போனேன், சரோஜா அக்கா கதவைத் திறந்தார். பின்பக்கம் சேவல் நின்றது, காலில் மஞ்சள் துணி. கணவர் முத்தையாவுக்கு அடுத்த வாரம் இருதய ஆப்பரேஷன். நல்லபடியாக முடிந்தால் முனியாண்டிக்கு என்று நேர்ந்துவிட்ட சேவலாம். அதுவரை விற்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது.

எனக்கோ வேறு வழியில்லை. கெடு வைத்து நோட்டிஸை நீட்டினேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. முத்தையா அதை வாங்கக்கூட இல்லை.

"சேவல் போச்சுன்னா நான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன்லா."

கோயில் கூண்டு

நான் கொடுத்த காகிதத்தால் ஒரு மனிதர் செத்துப்போகக் கூடாதே என்று எனக்குப் பயம். சேவலை இப்போதே கோயிலில் விட்டுவைத்தால் என்ன என்று தோன்றியதும் முனியாண்டி கோயிலுக்கு ஓடினேன். பூசாரி காலிக் கூண்டைக் காட்டினார்.

"இங்க கோழி அடைச்சு வைக்கக் கூடாதுன்னு போன மாசம் நோட்டிஸ் ஒட்டினது நீங்கதானே, தம்பி?"

கைது

கெடு முடிந்த காலையில் ஆபீஸ் லோரியோடு போய் நின்றேன். பிடித்த பிராணியை, உடைமைக்காரர் வந்து கேட்கும்வரை கூண்டில் வைத்துத் தீனி போடுவதும் எங்கள் வேலைதான். அந்த விதியை நானே முந்தின நாள்தான் ஒழுங்காகப் படித்தேன். சேவல் எங்களிடம் பத்திரமாக இருக்கும், குணமானதும் நேரே கோயிலுக்குக் கொண்டுபோங்கள் என்று முத்தையாவிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

அவர் குனிந்து மஞ்சள் துணியின் முடிச்சை இறுக்கிவிட்டுச் சேவலை என் கையில் கொடுத்தார்.

"துணிய மட்டும் அவுத்துடாதீங்க, தம்பி."

ஆஸ்பத்திரியிலிருந்து போன்

ஆப்பரேஷன் அன்று ஆபீஸ் பின்புறம் சேவல் கூவிக்கொண்டே இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன் அடித்தது, பாலா அங்கிள். அடுத்து யார் வீட்டுக் கோழியோ என்று எரிச்சலோடு எடுத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். முத்தையாவையும் அக்காவையும் தன் காரில் கூட்டிப்போனவரே அவர்தானாம். முத்தையா கண் விழித்துவிட்டார் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. எனக்கும்தான்.

"சேவல் போனதிலேருந்து அதே நேரத்துக்கு முழிப்பு வந்துடுது பாஸ். பக்கத்து வீட்ல சத்தமே இல்லன்னா மனுஷன் எப்படிலா தூங்குறது?"

கூவினாலும் தூக்கமில்லை, கூவாவிட்டாலும் தூக்கமில்லை என்று வருகிற புகாருக்கு எந்த விதியின்கீழ் நோட்டிஸ் கொடுப்பது என்று எங்கள் பிரிவில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.