வாசலில் கிடக்கும் மைனியின் செருப்பு

என் வீட்டு வாசலில் எப்போதும் இரண்டு ஜோடி செருப்பு கிடக்கும். ஒன்று என்னுடையது. மற்றது நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. குதிகால் பக்கம் நன்றாகத் தேய்ந்து, இடது கால் வாரில் ஊக்கு குத்தியிருக்கும். அது என் அண்ணன் மனைவியுடையது. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை மைனி என்போம். மைனி இறந்துபோய்விட்டாள். செருப்பு மட்டும் இருக்கிறது. வாசல் பெருக்கும்போது என் செருப்பைக் காலாலேயே ஓரமாகத் தள்ளிவிடுவேன். அதை மட்டும் குனிந்து கையால் எடுத்து, பெருக்கி முடித்ததும் பழையபடியே வைப்பேன். காற்றடி காலத்தில் கரிசல் புழுதி மாவு மாதிரி படியும். பழந்துணியால் துடைத்துவிடுவேன். செத்தவள் செருப்பைத் துடைத்து வைக்கிற கிறுக்கச்சி என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

மைனி எங்கள் வீட்டுக்கு வாழவந்தபோது அம்மாவும் அப்பாவும் இல்லை. அண்ணன் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தான். நான் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். மைனியைக் கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை. அவள் வைக்கிற ரசத்தை அண்ணன் வெந்நீர் என்றுதான் சொல்வான். வாயும் பெரிதாகக் கிடையாது. அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஓரிடத்தில் இருந்தால் முழுதாக இருப்பாள். உடம்பை இங்கே விட்டுவிட்டு மனசு அடுப்பில் வைத்த பாலுக்கு ஓடுகிற கதையெல்லாம் அவளிடம் இல்லை. அந்தப் பால் பொங்கிப்போன நாட்கள் நிறைய உண்டு. தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் போவாள், கட்டில் ஓரத்தில் உட்காருவாள். மாத்திரை சொல்ல மாட்டாள், கைமருந்து சொல்ல மாட்டாள், தன் வீட்டில் யாருக்கு என்ன வந்தது என்று ஆரம்பிக்கவும் மாட்டாள். கொஞ்ச நேரத்தில் படுத்திருக்கிறவர் தூங்கிவிடுவார்.

கோயிலிலும் அப்படித்தான். கோயில் என்று நாங்கள் சொல்வது எங்கள் மாதா கோயிலை. பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது மைனி மட்டும் உள்ளே பெண்கள் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். உதடு அசையாது. ஜெபமாலை மடியில் சும்மா கிடக்கும். சன்னல் வெயில் அவள் முந்தானை மேல் ஏறி, தோளைக் கடந்து, பின்சுவருக்குப் போய்விடும். பசியில் எனக்குக் கண் இருட்டும். "அப்படி என்னதான் கேக்குதீங்க மைனி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஒண்ணும் கேக்கலட்டி. வாறவிய எல்லாம் கேட்டுக்கிட்டேதான இருக்காவ. அவருக்கும் அலுப்பா இருக்குமில்லா. ஒரு ஆளாவது சும்மா கூட இருப்போமேன்னு இருக்கேன்" என்றாள். கடவுளுக்கே துணைக்கு உட்கார்ந்திருந்தாளாம். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு கோடையில் குழாயில் தண்ணீர் வராமல் தெருப்பெண்கள் எல்லாரும் காலிக்குடங்களோடு ரோட்டை மறித்தபோதும் அவள் முன்வரிசையில் இருந்தாள். கோஷம் போடத் தெரியாது. வெயில் ஏற ஏற ஒவ்வொருத்தராக வேப்பமர நிழலுக்கு நகர்ந்தார்கள். கடைசியில் ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரிக்கு முன்னால் ரோட்டில் மிச்சமிருந்தது மைனியும் ஒரு நெளிந்த குடமும்தான். "என்னம்மா சொல்றீங்க?" என்று அவர் கேட்டார். "சொல்லுதவிய அங்கன நிக்காவ. நான் உக்காந்திருக்கேன்" என்றாள். அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு வேப்பமரத்தை நோக்கி நடந்தார். மறுநாள் லாரியில் தண்ணீர் வந்தது. அது அவளால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவளும் சொன்னதில்லை.

இவ்வளவையும் சொன்னது அந்தத் துட்டி வீட்டுக்கு வருவதற்காகத்தான். சாவு விசாரிக்கப் போவதை நாங்கள் துட்டிக்குப் போவது என்போம். அதற்கு முறைகள் உண்டு. பந்தலைக் கண்டதுமே பெண்கள் அழத் தொடங்கிவிட வேண்டும். தலை குனிந்தபடி உள்ளே போய் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். கிளம்பும்போது மட்டும் போயிட்டு வாரேன் என்று சொல்லவே கூடாது. சொன்னால் அந்த வீட்டுக்கு மறுபடியும் துட்டிக்கு வருவதாக ஆகிவிடுமாம். பேசாமல் எழுந்து, திரும்பிப் பாராமல் போய்விட வேண்டும்.

அப்போது எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கயத்தாறு பக்கம் ஒரு ஊர். கோயிலில் எல்லார் முன்னாலும் கல்யாண ஓலை வாசிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோது காப்பியில் சீனி இல்லாததைச் சொல்லாமல் குடித்துவிட்டு, போகும்போது வாசலில் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் நான் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவருடைய தாத்தா இறந்துபோனார். பேசி முடித்த பெண் கல்யாணத்துக்கு முன்னால் துட்டிக்குப் போகிற வழக்கமில்லை. ஆனால் தாத்தாவுக்கு என்னைப் பார்க்க ஆசை இருந்ததாம், பொண்ணையும் கூட்டிக்கிட்டு வரட்டும் என்று அந்த வீட்டிலிருந்தே சொல்லியனுப்பினார்கள். அண்ணன் ஆலையிலிருந்து நேரே வந்துவிடுவதாகச் சொன்னான். நானும் மைனியும் பஸ் ஏறினோம்.

அந்தப் பயணத்தை இப்போது நினைத்தாலும் பாதி கனவு போலத்தான் இருக்கிறது. உளுந்து பிடுங்கிய காடுகள் வெடித்துக் கிடந்தன. தூரத்தில் காற்றாலைகள் ஒன்று சுற்ற, ஒன்று சும்மா நிற்க, கானல் நீரில் கால் நனைத்துக்கொண்டு நின்றன. நான் கண்ணை மூடி அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டு போனேன், துட்டிக்குப் போகிறோம் என்பதையே மறந்து. மைனி சன்னலோரம் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்த்த தெருவில் பந்தல் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். தெரிந்தது. நாங்கள் முறைப்படி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதபடியே உள்ளே போனோம். மைனி தலைமாட்டில் இருந்த பெண்ணைக் கட்டிக்கொண்டாள். நான் மைனியைக் கட்டிக்கொண்டேன். அழுது ஓய்ந்து தலையைத் தூக்கிப் பார்த்தால், பெஞ்சில் கிடந்தது மீசைகூடச் சரியாக நரைக்காத ஒரு ஆள்.

வீடு மாறி வந்திருந்தோம். அந்த ஊரில் அன்றைக்கு இரண்டு சாவு. எங்களுக்கான பந்தல் இன்னும் இரண்டு தெரு தள்ளி இருந்தது. நான் மைனியின் முழங்கையைக் கிள்ளினேன். மைனி வாசலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வாசலில் எங்கள் இரண்டு ஜோடிச் செருப்பையும் விட்டால் வேறு செருப்பே இல்லை. வாடகைப் பந்தலின் கீழே நாற்காலிகள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. புருசனும் பெண்டாட்டியும் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்து அந்த ஊரில் குடியிருந்தவர்களாம். லாரி ஓட்டுகிறவர். இரண்டு பக்கத்துச் சொந்தமும் செய்தி கேட்டும் வரவில்லை. கூட வேலை பார்க்கும் டிரைவர்கள் வந்துகொண்டிருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சொன்னாள். தலைமாட்டில் இருந்த அந்த மனைவி, என்னைவிடச் சின்னவளாக இருப்பாள், நாங்கள் யார் என்று கேட்கவில்லை. மைனியின் முந்தானையை முறுக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

"மைனி, அங்கன தேடுவாவ" என்றேன் காதுக்குள்.

"நீ போயேன்ட்டி. ரெண்டு தெருதான. வீடு மாறிட்டுன்னு சொல்லு. எப்படி எந்திரிக்க? வாசல்ல ஒரு செருப்புகூட இல்லயே."

நான் எப்படிப் போவேன்? பேசி முடித்த பெண், துணையில்லாமல், மாப்பிள்ளை வீட்டுப் பந்தலுக்குள் தன்னந்தனியே நுழைவதா? அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தது ஆத்திரம்தான். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரப் பெண்கள் வேண்டும் என்றபோது மைனி கழுத்து ஜெபமாலையை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்; அந்தப் பெண்ணும் முந்தானையை விடாமல் கூடவே வந்தாள். டிரைவர்கள் வந்து, தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்புகிற வரையில் அந்தப் பெண்ணின் பக்கத்தை விட்டு நகரவில்லை. அதற்குப் பிறகுதான் எழுந்தாள். எழுந்தவள் முறையை மறந்தாளோ, தெரிந்தேதான் செய்தாளோ, அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்து, "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் பதறிப்போய் எங்களைப் பார்த்தாள். அந்தப் பெண் மட்டும், அன்றைக்கு முதல்தடவையாக, முந்தானையை விட்டாள். சொன்னபடியே பதினாறாம் நாள் மைனி அங்கே போய்விட்டு வந்தாள். அதன்பின் அந்தப் பெண் எங்கோ பிழைக்கப் போய்விட்டதாகக் கேள்வி. அவள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாத்தாவை அடக்கம் செய்துவிட்டு வந்து வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். அண்ணன் கூனிக்குறுகி ஓரமாக நின்றான். ஒங்க வீட்டுப் பொம்பளயாளு வரலியா என்று ஆள் ஆளாய்க் கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. வீடு மாறிப்போச்சு என்று அண்ணன் சொன்னதை யாரும் நம்பவில்லை. நம்பியவர்கள், தெரிஞ்ச பெறகாவது எந்திரிச்சு வந்திருக்கலாமே என்றார்கள். துட்டிக்கு வராத வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று அடுத்த வாரம் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. ஓலை வாசிக்கவில்லை. அந்தச் சிரிப்பு வேறு யாருக்கோ போய்விட்டது.

எனக்கு வலித்தது. இப்போதும் அதை லேசாகச் சொல்ல வரவில்லை. நான் வீட்டின் பின்பக்கம், துவைகல் மேல் போய் உட்கார்ந்துகொள்வேன். மைனி வந்து எதிரில் தரையில் உட்காருவாள். "ஒன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டேன்னு ஊரே சொல்லுது. நீயும் ஏசிரு, கேட்டுக்கிடுதேன்" என்றாள் ஒருநாள். நான் போங்க என்றேன். போனாள். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். மன்னிப்பும் கேட்கவில்லை, நியாயமும் பேசவில்லை. முருங்கை நிழல் எங்கள் இரண்டு பேர் மேலும் ஆடிக்கொண்டிருக்கும். எத்தனை நாள் அப்படி உட்கார்ந்தாள் என்று தெரியாது. எப்போது நான் போங்க என்று சொல்வதை நிறுத்தினேன் என்பதும் நினைவில்லை.

பிறகு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று. நல்ல மனுசர். ஊருக்கு வெளியே ஒரு பிளாட் வாங்கி வீடு கட்டினார். சுற்றிலும் கல் நட்ட காலிமனைகள், அதற்கப்பால் சோளக்காடு. ஒருநாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். சனம் வந்தது. வந்தவர்கள் எல்லாரும் பேசினார்கள். போனில் பேசினார்கள், என்னிடம் பேசினார்கள், தங்களுக்குள் பேசினார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூட ஏறவில்லை. தோளோடு தோளாக ஒரு சூடு மட்டும் தெரிந்தது. மைனி. நான் அவள் முந்தானையை முறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்பதையே வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கை எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு மைனி ஏன் எழுந்திருக்கவில்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜெபம் முடிந்து சொந்தமெல்லாம் முறைப்படி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியது. மகனும் லீவு முடிந்து பெங்களூருக்குப் போனான். கடைசியாக மைனி எழுந்தாள். அண்ணனுக்கு உடம்பு சுகமில்லாத நேரம், போயாக வேண்டும். வாசல் நடையில் நின்று உரக்கச் சொன்னாள்: "போயிட்டு வாரேன்ட்டி." துக்கம் கேட்க அன்றைக்குத்தான் வந்திருந்த என் மாமியார் வழிப் பெரியம்மா ஒருத்தி, "துட்டி வீட்டுல அப்படிச் சொல்லலாமா?" என்று முகம் சுளித்தாள். "நான் வரத்தான செய்வேன்" என்றாள் மைனி.

ஆட்டோவில் ஏறும்போதுதான் கவனித்தேன், வெறுங்கால். செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். மைனி வாங்கவில்லை. "கெடக்கட்டும். ஒத்தச் சோடி கெடந்தா உள்ள ஒருத்திதான் இருக்கான்னு தெரிஞ்சுபோகும். ரெண்டாக் கெடக்கட்டும்."

அந்தக் கால்களால் நடக்க முடிகிற வரை வந்துகொண்டிருந்தாள், வேறு செருப்பு போட்டுக்கொண்டு. அவள் இறந்த அன்று அண்ணன் வீட்டு வாசலில் செருப்பு தெருவரைக்கும் வழிந்து கிடந்தது. எங்கே கழற்றிப் போடுவதென்று தெரியாமல் நான் கொஞ்ச நேரம் நின்றேன். மைனியை எடுத்துக்கொண்டு போனபின், அவளைக் கிடத்தியிருந்த காலிப் பெஞ்சைப் பார்த்து, "போயிட்டு வாரேன் மைனி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை.

நேற்று கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி வந்தான். ஆள் புதிது. வெயில் சோளக்காட்டின் மேல் வெள்ளையாகப் படுத்திருந்தது. தோளில் சிலிண்டரோடு வாசலில் நின்று செருப்புகளைப் பார்த்தான்.

"வீட்டுக்கு ஆளு வந்திருக்காவளாக்கா?"

"ஆமா. மைனி இருக்காவ" என்றேன்.

தூங்குகிறார்களோ என்று நினைத்தான் போல. சிலிண்டரைத் தரையில் உருட்டாமல், அடுக்களை வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்ச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தான்.