ஊதத் தெரியாதவர்கள்

குடியை விட்டவர்கள் சேர்ந்து தங்கும் வீடு எங்களுடையது. அரியலூரில் இருந்து ரெட்டிபாளையம் போகிற சாலையில், சிமெண்ட் தூசி படிந்து, வெள்ளையா சாம்பலா என்று சொல்ல முடியாத நிறத்தில் இருக்கும். ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்து நேராக ஊருக்குப் போனால் மறுபடி கடைவாசலில்தான் போய் நிற்போம் என்பதால், நடுவில் கொஞ்ச காலம் தங்கிப் பழகுவதற்கான இடம். நான் சிமெண்ட் லாரி டிரைவர். என்னை அங்கே கொண்டுவந்து தள்ளியது என் மனைவி.

இப்படிப்பட்ட வீடுகளுக்குத் தரம் நிர்ணயிக்க வேண்டும் என்று ஓர் அமைப்பு கிளம்பியது. அதன் சார்பில் ஒரு மேடம் வந்தார். எழுதி வைத்திருக்கும் விதிகளை முதலில் எங்கள் வீட்டில் சோதித்துப் பார்க்கப் போவதாகவும், தேறினால் அங்கீகாரம் கிடைக்கும் என்றும் முன்கூட்டியே தகவல் சொல்லியிருந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போனில் மனைவியிடம் உளறிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை செட்டிகுளம் மலைக்கோயிலில் எங்கள் மகளுக்குக் காதுகுத்து. என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அவள் இழுத்தடித்துக்கொண்டிருந்த நேரம்.

"மொதல்ல அந்த வூடு பாஸாவட்டும், அப்பறம் பாக்கலாம். காது குத்த எந்தம்பி மடி போதும். அப்பன் வந்துதான் ஆவணும்னு ஒண்ணுமில்ல" என்றாள்.

அதுதான் எனக்கு எரிச்சல். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். ஓரமாக நின்று பிள்ளை அழுவதைப் பார்ப்பதைத் தவிர அப்பனுக்கு அங்கே வேலையே கிடையாது. அந்த ஓரம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

மேடம் வந்து உட்கார்ந்ததும் முதல் விதியை வாசித்தார். வீட்டுக்குப் பக்கத்தில் மதுக்கடை இருக்கக் கூடாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், அவரும் குடித்துத் தெளிந்தவர்தான், தலையைச் சொறிந்தார்.

"அப்படி எடம் வேணும்னா கடலுக்குள்ளதான் கட்டணும், மேடம்."

வரதராஜன்பேட்டையில் இருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த ரிட்டயர்டு வாத்தியார், தலையணைக்கடியில் மாதா படம் வைத்துக்கொண்டு தூங்குகிறவர், குறுக்கே புகுந்தார்.

"கடை எம்புட்டுத் தூரத்துல இருந்தாலும் நாங்க போயிருவோம், மேடம். திரும்பி வர்ற தூரம்தான் பிரச்சினை."

மேடம் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். சாப்பாட்டைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. ரசத்தைப் பற்றிக் குறை சொன்னவன் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் எல்லோரும் ஒரே குரலில் ரசம் பிரமாதம் என்றோம்.

கடைசியாகப் பையில் இருந்து, குடித்திருக்கிறோமா என்று மூச்சை வைத்துக் கண்டுபிடிக்கும் மெஷினை எடுத்தார். தங்கியிருப்பவர்களை அவ்வப்போது ஊத வைத்துப் பார்க்க வேண்டுமாம். எங்களுக்கு என்ன பயம்? ஒருத்தரும் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான்தான் முதலில் போனேன்.

ஊதினேன். மெஷின் கீச்சென்று கத்திவிட்டு ஒன்றும் காட்டாமல் நின்றது. மறுபடி ஊதினேன், மறுபடி கீச். வாத்தியாருக்கும் கீச். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கீச். மேடத்தின் முகம் சிவந்துவிட்டது.

"எல்லாரும் சேந்து ஏமாத்துறீங்களா? இப்படின்னா நான் எப்படிங்க அங்கீகாரம் தர்றது?"

மகளின் காது கண்முன்னே வந்து போனது. அண்ணன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மேடம், இவனுவ ஊதல. ஊதுற மாதிரி காட்டுறானுவ!"

உண்மைதான். ரோட்டில் போலீஸ் மறித்து, மூக்கைக் கிட்டே கொண்டுவந்து ஊதச் சொல்லும்போது, கன்னத்தை உப்பி, கண்ணைப் பிதுக்கி, மூச்சை மட்டும் உள்ளேயே பிடித்துக்கொள்வது எங்களுக்குக் கைவந்த கலை. வாத்தியார் அதைத் தலைமையாசிரியரிடம் காட்டியிருக்கிறார். நான் போலீஸிடமும் காட்டியிருக்கிறேன், சாயங்காலமானால் வாசலை மறித்துக்கொண்டு "ஊதுங்க" என்று நின்ற மனைவியிடமும் காட்டியிருக்கிறேன். குடியை விட்ட பிறகும் யாராவது ஊதச் சொன்னால் தொண்டை தானாக அடைத்துக்கொள்கிறது.

அப்புறம் மேடம் எங்களுக்கு ஊதக் கற்றுக்கொடுத்தார். வளர்ந்த ஆம்பளைகள் வட்டமாக நின்று புஸ் புஸ் என்று காற்று விட்டுப் பழகினோம். என் முறை வந்தபோது அண்ணன் முதுகில் ஓர் அறை வைத்தார். அதில் கிளம்பிய மூச்சு மெஷினில் போய் விழுந்தது. பூஜ்யம். பூஜ்யம் வாங்கி நான் குதித்தது அன்றுதான். வாத்தியார் நம்பாமல் இரண்டாம் முறையும் ஊதிப் பார்த்தார்.

வீடு தேறியது. கடை விதியைத் தளர்த்தப் போவதாகவும், ஊத வைப்பதற்கு முன் ஊதப் பழக்க வேண்டும் என்று சேர்க்கப் போவதாகவும் சொல்லிவிட்டு மேடம் கிளம்பினார். உடனே மனைவிக்குப் போன் போட்டேன்.

"வூடு பாஸாயிருச்சு. மெஷின்ல எனக்குப் பூஜ்யம்!"

"ஒங்க ஊதல் எனக்குத் தெரியாதா? அத்தன வருசமும் கன்னத்த உப்பிக்கிட்டு நின்னவருதான?"

தூக்கிவாரிப்போட்டது. தெரிந்தேதான் தினமும் வழிவிட்டிருக்கிறாள். அவமானமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இப்ப ஊதுங்க" என்றாள்.

"போன்லயா?"

"போன்லதான்."

ஊதினேன். முதலில் தொண்டை அடைத்தது, பிறகு வழிவிட்டது.

"போதும், காது அடச்சுப்போச்சு" என்றாள். குரல் கம்மியிருந்தது. "ஞாயித்துக்கெழம வெள்ளனவே வந்துருங்க. எந்தம்பி மடியில வச்சுக்குவான். புள்ள தலய ஆட்டாம புடிச்சுக்க ஒரு ஆளு வேணும்."