தொட்டிக்குள் ஏறிய காடை

முதல் பறவை மதில்மேல் வந்து உட்கார்ந்ததும் லியாண்ட்ரோ புஸ்தமாந்தேயின் இடது கை தானாக எழுந்து, காற்றில் இல்லாத ஒரு பிடியைப் பற்றித் திருப்புகிறது. பேருந்தின் கதவு திறந்தாயிற்று. "ஏறு ஏறு, உள்ள காலியாத்தான் கெடக்கு," என்கிறார். வந்தது கள்ளிச் சிட்டு. மணி காலை ஐந்து பத்து. "நேத்தைக்கு ரெண்டு நிமிஷம் முந்திட்டே," என்று அதற்கு ஒரு பாராட்டையும் கொடுத்துவிட்டுக் காப்பியை ஊதிக் குடிக்கிறார்.

டூசான் நகரப் பேருந்தை முப்பத்தோரு வருடம் ஓட்டியவர். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் இறங்கியபாடில்லை. கொல்லையில் கிடக்கும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிதான் இப்போது ஓட்டுநர் இருக்கை. வேலிக்கருவேலம், காகிதப்பூ, மயில்கொன்றை, சப்பாத்திக்கள்ளி எல்லாம் நிறுத்தங்கள். மரங்கொத்தி அவர் கணக்கில் சீட்டு எடுக்காமல் ஏறும் ரவுடி. புறாக்கள் படியை அடைத்துக்கொண்டு நிற்கிற கும்பல். "உள்ள தள்ளிப் போங்கப்பா, தள்ளிப் போங்க!" மயில்கொன்றைப் பூவுக்கு முன்னால் ரீங்காரச் சிட்டு ஒன்று அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "அது என் வண்டியில ஏறாதுப்பா, அதுக்குச் சொந்தமா வண்டி இருக்கு," என்பார். அத்தனை வருடம் கதவு திறந்து மூடிய இடது தோள் தேய்ந்துபோயிருக்கிறது. கையை உயர்த்தினால் கொஞ்ச நேரத்தில் நடுங்க ஆரம்பித்துவிடும். மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்யமாட்டார். கதவு திறப்பதே பயிற்சிதானே என்பது அவர் கட்சி.

கொல்லையில் பறவை அவருடையது, பூ எர்லிந்தாவுடையது. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் பாகப்பிரிவினை. எர்லிந்தா அவர் மனைவி. ரப்பர் குழாயில் முதலில் வரும் தண்ணீர் வெயிலில் கொதித்துக் கிடக்கும் என்பதால், அதை வாளியில் பிடித்து ஆறவைத்த பிறகுதான் செடிக்கு ஊற்றுவார். அத்தனை பக்குவம். அதிலும் செங்கல் மேடைமேல் தொட்டியில் பூக்கும் சிவப்பு ஜெரேனியத்துக்குத் தனி உபசாரம். நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் மக்தலேனாவில் அவருடைய அம்மா வளர்த்த செடியின் கிளை அது. அம்மா போய்விட்டார், வீடும் கைமாறிவிட்டது. இந்தத் தொட்டி ஒன்றுதான் மிச்சம்.

சென்ற ஏப்ரலில் மகளின் பிரசவத்துக்காக எர்லிந்தா எல் பாஸோவுக்குக் கிளம்பினார். ஆறு வாரம். கார் நகரும்போதும் ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டி, "மத்ததெல்லாம் காஞ்சா காயட்டும், கிழவா. எங்கம்மா செடி வாடிச்சுன்னா நீ உன் காடைங்களோடயே குடித்தனம் பண்ணிக்கோ!" என்றார்.

வாய் முகூர்த்தம் என்றால் அதுதான். எட்டாம் நாள் தண்ணீர் ஊற்றப் போன லியாண்ட்ரோ, ஜெரேனியத்தின் இலைகளை விலக்கிப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்துவிட்டார். மண்ணில் மூன்று முட்டைகள். மறுநாள் நான்கு. முடிவில் பன்னிரண்டு. கொண்டைக் காடை ஒன்று அவற்றின்மேல் அப்பிக்கொண்டு உட்கார்ந்தது. தண்ணீர் ஊற்றினால் முட்டை கெடும். ஊற்றாவிட்டால் செடி சாகும்.

பக்கத்து வீட்டு சொகோரோ மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து யோசனை சொன்னாள். "முட்டையத் தூக்கி அந்தச் செடி மறைவுல வச்சிருங்கண்ணே. அதுக்கென்ன, இடமா கிடைக்காது?"

"நகர்த்தினா காடை திரும்பி வராதும்மா."

"வராட்டிப் போவுது. அக்கா திரும்பி வருவாங்களே, அவங்களுக்கு என்ன பதில் சொல்வீங்க?"

"ஏறின ஆளை நடுவழியில இறக்கிவிட்டு எனக்குப் பழக்கமில்லம்மா," என்றார் லியாண்ட்ரோ. உண்மைதான். இருக்கையை நனைத்துவிட்ட குடிகாரனைக்கூடக் கடைசி நிறுத்தம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்.

காடை விடியற்காலையில் இரை தேடக் கால்மணி நேரம் எழுந்து போகும். அந்தக் கால்மணியில் தொட்டியின் ஓரமாகக் கரண்டியால் பதினோரு கரண்டித் தண்ணீர். அதற்குமேல் போனால் முட்டை வரை ஈரம் பரவிவிடும். பழைய படுக்கை விரிப்பைக் கட்டி நிழல் கொடுத்தார். மூன்று கிளைகளை ஒடித்துத் தகர டப்பாக்களில் நட்டார். மே மாத வெயில் நூற்று மூன்றைத் தொட்டபோது இரண்டு கறுத்து அழுகின. மூன்றாவது சமையலறை ஜன்னலில் குச்சியாக நின்றது. இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்ல முடியவில்லை.

தினமும் சாயங்காலம் தொலைபேசி வரும்.

"எங்கம்மா செடி எப்படி இருக்கு?"

"நிக்குது."

"பூ வச்சிருக்கா?"

"வெயில் ஜாஸ்தியா இருக்கு."

தொலைபேசியை வைத்ததும் சமையலறை ஜன்னலுக்குப் போய் அந்தக் குச்சியைப் பார்ப்பார். நாற்பத்து நான்கு வருடத்தில் அவளிடம் மறைத்தது எதுவுமில்லை. பயமாக இருந்தது. அதைவிட, அவள் முகம் வாடப்போகிறதே என்று வேதனையாக இருந்தது.

எர்லிந்தா சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து இறங்கினார். பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேரே கொல்லைக்கு நடந்தார். தொட்டியில் காய்ந்த குச்சிகள், நடுவில் காடை. லியாண்ட்ரோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் கிழவா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா தண்ணி ஊத்தச் சொல்லியிருப்பே."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

ஒரு குச்சியை ஒடித்து முகர்ந்து பார்த்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஜன்னல் டப்பாவை லியாண்ட்ரோ மெல்ல முன்னால் நகர்த்தி வைத்தார். எர்லிந்தா நகத்தால் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.

மறுநாள் காலை மதில்மேலிருந்து சேவல் காடை கூப்பிட்டது. தாய் தொட்டியிலிருந்து கீழே குதித்தது. விளிம்பில் கட்டைவிரல் அளவில் ஒரு குஞ்சு தலை நீட்டியது. லியாண்ட்ரோவின் இடது கை எழுந்து கதவைத் திறந்தது. "பாத்து, பாத்து இறங்கு." ஒன்று விழுந்து எழுந்து ஓடியது. இரண்டு, மூன்று. பதினொன்று இறங்கிவிட்டன. பன்னிரண்டாவது விளிம்பில் நின்று கீழே பார்த்தது, பின்வாங்கியது. தாய் கருவேல நிழலை நோக்கி நகரத் தொடங்கிவிட்டது. உயர்த்திய கை நடுங்க ஆரம்பித்தது.

பின்னால் காலடி கேட்டது. "கதவைச் சாத்திடாதே, கிழவா," என்றார் எர்லிந்தா. நடுங்கும் அந்த முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கி நின்றார், பன்னிரண்டாவது குதிக்கும் வரை.