காளைக்கு முறை பார்த்த கதை

எந்த மாட்டுக்கு எந்தக் காளையின் சினை ஊசி போடலாம் என்று ஆலோசனை சொல்வது என் உத்தியோகம். ஊசி போடுகிறவர் வேறு, பால் கறக்கிறவர் வேறு. நான் வாயாலேயே மாடு வளர்க்கிறவன்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அக்காவுக்கு இருப்பது ஒரே பசு. அவர் குடும்பமே அதன் மடியை நம்பித்தான் ஓடுகிறது. அடுத்து ஒரு நல்ல கிடேரி, பெண் கன்று, பிறந்தாக வேண்டும். அன்று பசு பருவத்துக்கு வந்து கத்தியதும் ஊசிக்காரரையும் என்னையும் கூப்பிட்டார்.

"அதே கறுப்பு வெள்ளைக் காளையே போடச் சொல்லுங்க சார். தெருவே அதத்தான் போடுது."

"இந்தப் பசுவே அந்தக் காளைக்குப் பொறந்ததுதாங்கா. அப்பன் முறை. கன்னு நோஞ்சானாப் பூடும்."

"அப்ப மாமன் முறையில ஒண்ணு பாருங்க."

"மாமனும் ரத்தம்தாங்கா, கூடாது!"

"இன்னா சார், நீங்க மட்டும் மாமா பொண்ணக் கட்டிக்கிட்டீங்க?"

ஊசிக்காரர் சிரிப்பை மறைக்க, சினை ஊசி மருந்தை உறைய வைத்திருக்கும் குடுவைக்குள் குனிந்தார். பால் வாங்கும்போது என் மனைவி எதைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறாள்!

பொழுது ஏறிக்கொண்டிருந்தது. பருவம் தவறினால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். சாணிக் குவியல் பக்கத்தில் நின்று நான் மரபணுப் பிரசங்கம் செய்ய, பசு வாலால் என் வாயிலேயே ஒன்று வைத்தது. கடைசியில் பதற்றத்தில் உளறினேன்: "செவலைக் காளையப் போடுங்கக்கா. கன்னு சரியில்லன்னா என்னக் கேளுங்க!"

சொன்ன வாயைத் தைத்திருக்கலாம். பசு சினை பிடித்தது. எனக்குத் தூக்கம் போனது. தினமும் காலையில் பால் பாத்திரச் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் புகுந்துகொள்வேன்.

"மாமா, மாடு நல்லாத்தான் இருக்குதாம். வெளிய வாங்க" என்று கதவைத் தட்டுவாள், என் மாமன் மகள்.

பிறந்தது செவலைக் கிடேரி. விழுந்த சூட்டிலேயே தள்ளாடி எழுந்து மடியை முட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா சொன்னார்: "எல்லாம் என் கைராசி."

மறுவாரமே தெரு முழுக்க அந்தச் செவலைக் காளையைத்தான் கேட்டது. போகட்டும் என்று பல்லைக் கடித்தேன். அக்கா கன்றைத் தடவியபடி சொன்னார்: "இது பெரிசானதும் இதுக்கும் அதையே போட்டுடலாம் சார்."

"அக்கா, அதுதான் இதுக்கு அப்பன்!"

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"