தலை எண்ண வந்த நாள்

கன்னியம்மா தெருமுனையில் தலையைக் காட்டினாலே ஜெயசீலியின் தையல் மெஷின் நின்றுவிடும். மிஷன் பள்ளிக்கூடத்து ஆயா அவள். சிட்லபாக்கத்து வெயிலில் மூச்சு வாங்க வந்து நின்று, "பெரிய டீச்சர் உன்னிய இட்டாரச் சொல்லிச்சும்மா. பொண்ணு கத்திகினே கீது" என்பாள். பாதி தைத்த ஜாக்கெட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு ஜெயசீலி ஓடுவாள். எழுபத்தொன்றாம் வருஷம் முழுக்க இதே பேஜார்தான். தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நின்று முணுமுணுத்துவிட்டுப் போவார்கள்.

மகள் ஹில்டாவுக்கு எட்டு வயது. பேச்சு சொற்பம். பள்ளி மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவாள். யாராவது கையைப் பிடித்தால் இன்னும் அலறுவாள். இதற்கு என்ன பெயர் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. டானிக் எழுதிக் கொடுத்தார்கள். சபையில் ஜெபம் பண்ணினார்கள். செல்லம் கொடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டாய் என்றார் மாமியார். யார் என்ன சொன்னால் என்ன, ஜெயசீலி கேட்டது ஒன்றே ஒன்றுதான். மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பிள்ளையைப் பின்பக்கத் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள்; கையைப் பிடிக்காமல் முந்தானையை நீட்டினால் பிடித்துக்கொண்டு பேசாமல் வருவாள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். தலைமையாசிரியை ரத்தினபாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, ஒரு பிள்ளைக்கென்று தனிச் சட்டம் போட முடியாது என்பார். முழுப்பரீட்சை முடிந்ததும் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவதாகவும் சொல்லிவிட்டார். வேறு பள்ளிக்கூடம் எதுவும் சேர்த்துக்கொள்ளாது. ஹில்டா வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

அப்படிச் சொன்ன அதே ரத்தினபாய் ஒரு சாயங்காலம் குடையும் கையுமாக வீட்டு வாசலில் வந்து நின்றார். மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறாராம். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் ஒரு டீச்சர் வேலை போய்விடுமாம். ஹில்டாவை அவசியம் அனுப்ப வேண்டுமாம். ஜெயசீலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினம் தினம் தொல்லையாய்த் தெரிந்த பிள்ளை இன்றைக்கு ஒரு தலையாகத் தெரிகிறதாக்கும்! முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியிருப்பாள். டி.சி. அந்த அம்மாள் கையில் அல்லவா இருக்கிறது? தானும் கூட வந்து வராந்தாவில் நிற்பதாக மட்டும் சொன்னாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வகுப்பு வகுப்பாகத் தலை எண்ணிக்கொண்டு போனார். ஹில்டாவையும் எண்ணினார். அவர் பக்கத்து வகுப்பில் இருக்கும்போதே இடைவேளை மணிக்கு நேரமாகிவிட்டது. ஜெயசீலி பதறிப்போய் ஓரடி எடுத்து வைத்தாள். அதற்குள் ரத்தினபாய் அவசர அவசரமாக ஹில்டாவிடம் போனார். கையை நீட்டவில்லை. இன்ஸ்பெக்டருக்காக உடுத்தியிருந்த பட்டுச் சேலையின் முந்தானையை நீட்டினார். ஹில்டா அதைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே தோட்டத்துக்குப் போனாள். மணி அடித்து ஓய்ந்தது. பிள்ளையிடமிருந்து ஒரு சத்தம் இல்லை.

ஜெயசீலிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தான் சொன்னது எதுவும் இந்த அம்மாள் காதில் ஏறவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். முந்தானை வரைக்கும் ஒன்று விடாமல் ஏறியிருக்கிறது.

இன்ஸ்பெக்டரின் ஜீப் கிளம்பியதும் ரத்தினபாய் வந்து, இனிமேல் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்.

"அவ சாயங்காலம் வரைக்கும் இருப்பா, டீச்சர்," என்றாள் ஜெயசீலி. "நாளைக்கும் வருவா. தினமும் இன்ஸ்பெக்டர் வந்திருக்கார்னு நெனச்சுக்குங்க."

ரத்தினபாய்க்கு முகம் சிவந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெயசீலி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அடுத்த மணிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ரத்தினபாய் என்னவோ முணுமுணுத்தபடி ஹில்டாவின் வகுப்புப் பக்கம் நடந்தார்.