அவனா, அவளா?

நியூ டவுனில் எங்கள் லிஃப்டுக்குள் எதிர்வீட்டுச் சிறுமி, “அம்மா, அண்ணன் வந்துட்டா!” என்று கத்தினாள். “வந்துட்டான்னு சொல்லு,” என்று அவள் அம்மா திருத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

பெஹாலாவில் நானும் இப்படித்தான் வளர்ந்தேன். தெருவில் பேசியது பெங்காலி. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘ஓ’ என்ற ஒரே சொல்தான். அந்தப் பழக்கத்தில் வீட்டில் எல்லோரையும் ‘அவள்’ ஆக்கிவிடுவேன். கடுகு தாளிக்கும் வாசனையோடு அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்: “அவனா, அவளா? ஒழுங்காச் சொல்லுடி.” செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பா, “போஸ்ட்மேனுக்கும் புடவை கட்டிவிட்டாச்சா?” என்பார். கூச்சத்தில் அன்று முழுக்க வாயே திறக்க மாட்டேன்.

அப்பா இப்போது இல்லை; நியூ டவுன் வீட்டில் நானும் அம்மாவும்தான். போன வாரம் அம்மாவிடம் துணிந்து சொன்னேன்.

“அம்மா, எனக்குப் பிடிச்ச ஒருத்தி இருக்கா. இனிமே அவளோடதான் வாழப்போறேன்.”

“ஒருத்தர்னு சொல்லுடி. இந்த வயசுலயும் ஆம்பளை பொம்பளை குழப்பமா?”

“இல்லம்மா, சரியாத்தான் சொன்னேன். அவ பேரு சுதேஷ்ணா.”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“தமிழ் தெரியுமா அவளுக்கு?”

“தெரியாதும்மா.”

“ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூட்டிட்டு வா. கத்துக்கட்டும்.”

இன்று ஞாயிறு. லிஃப்டில் என் பக்கத்தில் நின்ற சுதேஷ்ணா, அம்மாவிடம் சொல்வதற்காக நான் கற்றுக்கொடுத்ததை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ‘சாப்பாடு நல்லா இருக்கும்மா’ என்பது அவள் வாயில், ‘சாப்பாடு நல்லா இருக்குமா?’ என்று சந்தேகமாகிவிட்டது.

நான் திருத்தவில்லை. அம்மாவுக்கும் ஒரு வேலை வேண்டுமே.